எண்ணெய் ஆகாத சிலிண்டர்

எங்கள் வீட்டில் நீண்ட மூக்குடைய ஒரு தகர எண்ணெய்க் குப்பி இருந்தது. அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் 'டொக்' என்று ஒரு சத்தம் வரும், மூக்கின் நுனியில் ஒரே ஒரு சொட்டு வந்து நிற்கும். தறியின் மிதிகட்டைக்கு இரண்டு சொட்டு, மேலே பூவேலைக்கான ஜக்கார்டு பெட்டியின் மூட்டுகளுக்கு ஆளுக்கொரு சொட்டு. பெரிய காஞ்சிபுரத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்த எனக்கு நெசவு வரவில்லை. நான் நெய்த ஒரே சேலையின் கரை கோணிக்கொண்டு போனதைப் பார்த்து, அண்ணன் என்னைக் கும்பிட்டு எழுப்பிவிட்டார். நெசவு வராவிட்டாலும் எண்ணெய் போட வரும். கிறீச்சிடுகிற எதையும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் தற்காலிக உதவியாளனாகச் சேர்ந்தபோது அதே மாதிரி ஒரு குப்பியை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டேன். மின்விசிறி, கதவுக் கீல், சுழல் நாற்காலி என்று என் கை படாத இரும்பு அங்கே கிடையாது.

தொண்ணூறுகளின் பின்பகுதியில் வேதியியல் விரிவுரையாளராக மேடம் வந்து சேர்ந்தார். அவருக்கு அப்போது இருபத்தேழு வயது இருக்கும். நான் அவரைவிட எட்டு வயது பெரியவன். சின்ன காஞ்சிபுரத்தில் கோயிலை ஒட்டிய தெருவில் வீடு, அப்பா சமஸ்கிருத ஆசிரியர். மேடம் ஒல்லியாக இருப்பார், மொபெட்டில் வருவார், குரலை உயர்த்த மாட்டார். உயர்த்தாமலேயே மாணவர்கள் அடங்கிவிடுவார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு. வந்த மூன்றாம் மாதமே ஆய்வகப் பொறுப்பு அவரிடம் வந்தது. ஆறு வருடமாகத் தற்காலிகமாகவே ஓட்டிக்கொண்டிருந்த என்னை நிரந்தரமாக்கும் கோப்பும் அவருடைய கையெழுத்துக்குத்தான் வந்து நின்றது. அவர் தயங்காமல் நல்லபடியாக எழுதிக் கையெழுத்துப் போட்டார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நிர்வாகக் குழு கூடி ஆணை கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. என் மனைவி அதற்குள் தெருவில் பாதிப் பேருக்குச் சொல்லிவிட்டாள்.

அந்த வருடம்தான் எங்களுக்கு பாம் கலோரிமீட்டர் வந்தது. கனத்த எஃகுச் செம்பு ஒன்று, அதற்குள் எரிபொருளைச் சிறு வில்லையாக வைத்து, ஆக்ஸிஜனை அழுத்தமாக நிரப்பி மூடி, மின்சாரத்தால் பற்றவைத்து, எவ்வளவு வெப்பம் வருகிறது என்று அளக்கிற கருவி. சாயப்பட்டறை அடுப்புகளில் விறகுக்குப் பதில் கடலைத்தோல் கட்டிகளை எரிக்கலாமா என்று ஒரு மாணவி ஆராய்ந்துகொண்டிருந்தாள். கருவியோடு ஆக்ஸிஜன் சிலிண்டரும் வந்தது. கருப்பு உடம்பு, வெள்ளைத் தோள், என் நெஞ்சு உயரம். அதன் வாயில் மாட்டி உள்ளே இருக்கும் பேரழுத்தத்தைக் குறைத்து வெளியே விடுவதற்கு ரெகுலேட்டர் என்று ஒரு பித்தளைக் கருவி.

சிலிண்டர் இறங்கிய நாளிலிருந்து மேடம் ஆளே மாறிப்போனார். அதை உருட்டக்கூடாது, தள்ளுவண்டியில் நிறுத்தித்தான் கொண்டுபோக வேண்டும். சுவரில் கொக்கி அடித்துச் சங்கிலியால் நிமிர்த்திக் கட்ட வேண்டும். பர்னர்களுக்கான சமையல் வாயு சிலிண்டர் வெளியே தனிக் கொட்டகையில்தான் இருக்க வேண்டும், இரண்டும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. வேலை முடிந்ததும் வாயை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றிப் பெட்டியில் வைத்து, சிலிண்டருக்கு இரும்புக் குல்லாயைப் போட வேண்டும். திறக்கும்போது ஓரமாக நின்று மெல்லத் திறக்க வேண்டும். இதெல்லாம் எனக்குப் புரிந்தது. அவ்வளவு கனம் காலில் விழுந்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புரியாதது ஒன்றுதான். ஒவ்வொரு முறையும் அவர் சொல்வார்: "சோப்பு போட்டுக் கை கழுவிட்டு வந்து தொடுங்க." நான் காலையில் தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு வருகிறவன். அவர் பார்வை என் தலைக்குப் போய்க் கைக்கு வரும். "கழுவினீங்களா?" என்பார். காரணம் சொல்ல மாட்டார்.

காரணம் தெரியாத இடத்தில் நானே ஒரு காரணத்தைக் கொண்டுவந்து வைத்தேன். மேடம் வீடு எப்படிப்பட்ட வீடு என்று ஊருக்கே தெரியும். வெளியே போய்வந்தால் கால் கழுவாமல் உள்ளே வரக்கூடாது, குளிக்காமல் சமையலறைப் பாத்திரத்தைத் தொடக்கூடாது என்று இருக்கிற வீடு. அந்த மடியை ஆய்வகத்துக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். என் கை பட்டால் அவருடைய சிலிண்டருக்குத் தீட்டு. ஆறு வருடம் அங்கே ஒவ்வொரு குடுவையையும் கழுவித் துடைத்த கை இது. உள்ளுக்குள் சுருக்கென்று தைத்தது. வீட்டில் சாப்பிடும்போது, "எங்க மேடம் சிலிண்டருக்கெல்லாம் மடி பாக்குது" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கை கழுவினா இன்னா, தேஞ்சா பூடுவ? சோத்துக்கு முன்னாடியே நீ ஒழுங்கா கழுவறது இல்ல" என்றாள்.

ஆயுதபூஜை வந்தது. அன்றும் மறுநாள் விஜயதசமியும் விடுமுறை என்பதால் முதல்நாள் பிற்பகலே ஆய்வகத்தில் பூஜை போடுவோம். எங்கள் வீட்டில் ஆயுதபூஜை என்றால் முதல் வேலை தறிக்கு எண்ணெய். வருடம் முழுக்க உழைத்த சாமானுக்கு அன்றைக்கு எண்ணெய் காட்டாமல் விடுவதைப் பட்டினி போடுவதாகத்தான் அம்மா சொல்வார். ஆய்வகத்திலும் தராசுகள், பம்பு, பர்னர்கள் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன். மேடம் வந்து சாமி கும்பிட்டு, பொரி கடலை எடுத்துக்கொண்டார். நான் சந்தனக் கிண்ணத்தோடு சிலிண்டர் பக்கம் திரும்பியதும், "அதுக்கு மட்டும் வேணாம்" என்றார். விஜயதசமியன்று காலை எட்டு மணிக்கு அந்த மாணவியோடு வந்து ஓர் அளவு எடுக்கப்போவதாகச் சொன்னார். நல்ல நாளில் தொடங்கிவைக்க அவருக்கும் ஆசை. பிறகு மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. சிலிண்டர் மீது ஒருவிதப் பரிதாபமும் வந்தது என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். அத்தனை சாமானும் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அது மட்டும் மூலையில் மொட்டையாக நின்றது. பெட்டியிலிருந்து ரெகுலேட்டரை எடுத்தேன். அதன் திருகு கொஞ்ச நாளாகவே இறுக்கமாகச் சுற்றியது. இழுப்பறையிலிருந்து குப்பியை எடுத்துத் திருகுக்கு மூன்று சொட்டு விட்டேன். சிலிண்டரில் மாட்டும் முனையின் மரைக்கும் ஒரு சுற்று எண்ணெய் விட்டு, துணியால் பளபளவென்று தேய்த்தேன். இப்போது வெண்ணெயாகச் சுற்றியது. அதைச் சிலிண்டரில் மாட்டி, இரண்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு முழம் கதம்பமும் சுற்றினேன். மேடம் வந்து பார்க்கட்டும், என் கை பட்டு ஒன்றும் ஆகிவிடவில்லை என்று தெரியட்டும் என்று நினைத்தபடி பூட்டிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் மாலை தாமல் போகிற சாலையில் நண்பனின் வெல்டிங் பட்டறைக்குப் பூஜைக்குப் போனேன். லாரிகளுக்கு ஒட்டுப்போடுகிற பட்டறை. சுத்தியல், ரம்பம், வைஸ் எல்லாம் சந்தனப் பொட்டோடு வாழையிலையில் இருந்தன. அங்கேயும் ஓர் ஆக்ஸிஜன் சிலிண்டர் நின்றது. அடிவயிற்றில் மட்டும் ஒரு குங்குமப் பொட்டு, மேலே ஒன்றுமில்லை. "இன்னாப்பா, நீயும் எங்க மேடம் மாதிரி மடி பாக்கறியா?" என்று கேலியாகக் கேட்டேன். எண்ணெய் போட்டுப் பூஜை செய்த கதையையும் பெருமையாகச் சொன்னேன். அவன் கையிலிருந்த சுண்டலைக் கீழே வைத்தான்.

"எண்ணெயா? எங்க போட்ட?"

சொன்னேன்.

"ஏம்பா, உனக்கு அறிவு இருக்குதா? நாங்க எண்ணெய்க் கறை பட்ட சட்டையோட கூட அதுங்கிட்ட போவ மாட்டோம். பத்த வைக்க நெருப்பே வேணாம்பா. வாயத் தொறந்தா போதும், உள்ள இருந்து வர்ற வேகத்துல எண்ணெய் தானா புடிச்சிக்கும். அப்புறம் அந்தப் பித்தளையே எரியும். எதிர்ல நிக்கறவன் மூஞ்சி இருக்காது."

அந்த வாயை மறுநாள் காலை எட்டு மணிக்குத் திறக்கப்போகிறவர் யார் என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அன்று இரவு நான் தூங்கவில்லை.

விஜயதசமியன்று ஏழு மணிக்கே சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் ஆய்வகத்தைத் திறந்தேன். கதம்பத்தைப் பிய்த்தேன், சந்தனத்தை வழித்தேன், ரெகுலேட்டரைக் கழற்றித் துணியால் துடைத்தேன். வெளியே எண்ணெய் போய்விட்டது. மரையின் பள்ளங்களில் விரல்நகத்தைக் கொடுத்துத் தடவினால் இன்னும் வழுக்கியது. திருகுக்கு உள்ளே போன மூன்று சொட்டு எங்கே இருக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும். அப்போது என் புத்தி போன போக்கை மறைக்காமல் சொல்கிறேன். மூன்றே சொட்டுதானே, ஒன்றும் ஆகாமலும் போகலாம். ரெகுலேட்டரைக் கீழே போட்டு உடைத்துவிட்டால், கை தவறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையைச் சொன்னால், அடுத்த வாரம் கூடும் நிர்வாகக் குழுவில் என் கோப்பின் கதி என்ன? ஆறு வருடக் காத்திருப்பும் மனைவி தெருவெல்லாம் சொல்லிவைத்த சந்தோஷமும் அந்த உள்ளங்கை அளவு பித்தளைக்குள் மாட்டிக்கொண்டன.

மொபெட் சத்தம் கேட்டது. மேடம் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு மலர்ந்த முகத்தோடு வந்தார். பின்னாலேயே அந்த மாணவி. "இவ்வளவு சீக்கிரமே வந்துட்டீங்களா!" என்று மேடம் ஆச்சரியப்பட்டார். நேராகப் போய்ச் சோப்பு போட்டுக் கை கழுவினார். மாணவி வில்லையை எடைபோட ஆரம்பித்தாள். மேடம் கையைத் துடைத்துக்கொண்டு ரெகுலேட்டரை எடுக்கக் கை நீட்டினார். அதுவரை என் வாய் திறக்கவில்லை. அந்த மெல்லிய கையைப் பார்த்ததும் திறந்துவிட்டது.

"மேடம், தொடாதீங்க. எண்ணெய் போட்டுட்டேன்."

அவர் கை அந்தரத்தில் நின்றது. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. எந்த எண்ணெய், எங்கெங்கே, எத்தனை சொட்டு, சிலிண்டர் வாயை யாராவது திறந்தார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஜன்னல்களைத் திறந்தார். மாணவியையும் என்னையும் வெளியே அனுப்பிவிட்டு, வாய் மூடியிருக்கிறதா என்று தானே பார்த்துவிட்டு வந்தார். பிறகு வாசல்படியில் உட்கார்ந்தார்.

"எண்ணெய் ஆகாதுன்னு ஏன் மேடம் ஒரு வார்த்தை சொல்லல?" என்று கேட்டேன். பழியை அவர் பக்கம் தள்ளுகிற கேள்விதான், தெரியும். "நீங்க மடி பாக்கறீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"மடியா?" என்றார். முதலில் சிரிப்பு வந்தது அவருக்கு. அது பாதியிலேயே நின்று கண் கலங்கியது. "சொன்னா உங்களுக்குப் புரியாதுன்னு நெனச்சுட்டேன். அது மடியைவிட மோசம் இல்லையா?"

அந்தப் படியிலேயே உட்கார்ந்து சொன்னார். ஆக்ஸிஜன் தானாக எரிவதில்லை, எரியக்கூடிய எதையும் வெறிகொண்டு எரியவைக்கும். அழுத்தத்தில் இருந்து சட்டென்று பாயும்போது இடுக்கில் சூடேறும், அந்தச் சூடே எண்ணெய்க்குப் போதும். தலையெண்ணெயும் எண்ணெய்தான், கைக்குப் போடுகிற கிரீமும் அப்படித்தான். ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை. எனக்கு எல்லாம் புரிந்தது. அந்த ஐந்து நிமிடத்தை மூன்று மாதம் முன்பே செலவழித்திருக்கலாமே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. என் மீதும் ஆத்திரம்தான். நானும் ஒரு தடவை வாயைத் திறந்து கேட்டிருக்கலாம்.

அடுத்த வாரம் கல்லூரிச் செயலாளர் எங்கள் இருவரையும் அழைத்தார். மேசையில் மேடம் எழுதிய அறிக்கை இருந்தது, பக்கத்தில் என் கோப்பு. செயலாளர் கெட்டவர் இல்லை, எதையும் சுமுகமாக முடிக்க நினைப்பவர். "எதுக்கும்மா இவ்ளோ பெரிசு பண்றே? கம்பெனியில இருந்து வரும்போதே எண்ணெய் இருந்துச்சுன்னு ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பிடு. காலேஜுக்கும் கெட்ட பேரு இல்ல, இவரு ஆர்டரும் இன்னிக்கே போயிடும்" என்றார். எனக்கு உயிர் வந்தது. மேடம் ஒப்புக்கொள்ள வேண்டுமே என்று காமாட்சியை வேண்டிக்கொண்டேன். மேடம் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார். "நான் காரணம் சொல்லாததும் தப்பு, அதை எழுதியிருக்கேன். எண்ணெய் யார் போட்டதுன்னு எழுதல, அதை இவர்தான் சொல்லணும் சார்" என்றார்.

அந்த நிமிடம் அவரை நான் வெறுத்தேன். அவரே சொல்லியிருந்தால் வாழ்நாள் முழுக்க அவரைத் திட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அந்த வழியையும் அடைத்துவிட்டார். செயலாளர் என்னைப் பார்த்தார், நான் மேசைக் கண்ணாடியைப் பார்த்தேன். ஆய்வகத்தில் நீட்டிய கையைத் தடுக்கும்போது யோசிக்க நேரம் இருக்கவில்லை. இப்போது நேரம் தாராளமாக இருந்தது. "நான்தான் சார் போட்டேன்" என்றேன். என் ஆணை ஒரு வருடம் தள்ளிப்போனது.

வீட்டில் இரண்டு நாள் தட்டை வைத்துவிட்டு மனைவி அடுப்படிக்குப் போய்விடுவாள். மூன்றாம் நாள், "கேட்டவங்களுக்கெல்லாம் நான் இன்னான்னு சொல்றது?" என்று மட்டும் கேட்டாள். மேடத்திடம் வேலைக்கு வேண்டிய பேச்சோடு நிறுத்திக்கொண்டேன். சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் திருப்பி அனுப்புகிற நாளில், அவர் இரண்டு அட்டைகளையும் பேனாவையும் நீட்டி, "நீங்களே எழுதிக் கட்டுங்க" என்றார். இது வேறா என்று நினைத்துக்கொண்டே எழுதினேன். 'இதில் எண்ணெய் பட்டிருக்கிறது. திருகில் மூன்று சொட்டு, மரையிலும் உண்டு. சுத்தம் செய்யாமல் ஆக்ஸிஜனில் மாட்ட வேண்டாம்.' கீழே பெயரும் பதவியும். சிலிண்டருக்கும் அப்படியே ஒன்று. கோபத்தில் எழுத்து பெரிது பெரிதாக விழுந்தது.

மேடம் இப்போது வெளியூரில் பேராசிரியையாக இருக்கிறார். நான் மறு வருடம் நிரந்தரமாகி, ஓய்வும் பெற்றுவிட்டேன். அவரைப் பற்றி யாராவது கேட்டால் கண்டிப்பானவர் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். முழுதும் சொல்ல வேண்டுமானால், அட்டை கட்டி அனுப்பி ஒரு மாதம் கழித்து நடந்ததையும் சொல்ல வேண்டும். அன்று ரெகுலேட்டரைச் சரிசெய்து எடுத்துக்கொண்டு சென்னையிலிருந்து ஓர் ஆள் வந்தார். பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டுச் சட்டைப்பையிலிருந்து என் அட்டையை எடுத்தார்.

"இத எழுதினது யாருங்க?"

அடுத்த வம்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். மேடம் என்னைக் காட்டினார். அந்த ஆள் பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. மீதி இருந்த தோல் ரேகை எதுவும் இல்லாமல் வழவழவென்று இருந்தது.

"பதினெட்டு வருஷமா இந்த வேல பாக்கறேங்க. திருகு டைட்டா இருக்குதுன்னு ரிப்பேருக்கு அனுப்புவாங்க, நாங்களும் மாட்டித் தொறந்து பாப்போம். இந்தக் கை போன அன்னிக்கு எனக்கு யாரும் எழுதி அனுப்பலீங்க."

மேடம் போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து அவருக்குப் போட்டார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் அந்தக் கையாலேயே டம்ளரை வாங்கிக் குடித்தார். தள்ளிப்போன அந்த ஒரு வருடத்தைப் பற்றி அதன் பிறகு நான் யாரிடமும் குறைப்பட்டுக்கொண்டதில்லை.